லினக்ஸ் லேப்டாப்பில் வைஃபை விட்டு விட்டு வருகிறதா? முதலில் இதைப் பாருங்கள்

டிஸ்ட்ரோவை (உபுண்டு போன்ற லினக்ஸ் வகையை) மாற்றுவது, மறுபடி இன்ஸ்டால் செய்வது, புது யுஎஸ்பி வைஃபை டாங்கிள் வாங்குவது எல்லாம் அப்புறம். நெட் எந்த இடத்தில் அறுகிறது என்று தெரியாமல் எதைத் தொட்டாலும் அரை நாள் போய்விடும்.

இரண்டு டெர்மினலைப் பக்கம் பக்கமாகத் திறந்து, ஒன்றில் உங்கள் ரௌட்டரை பிங் (ping) செய்யுங்கள், அதாவது சின்னச் செய்தி அனுப்பி, பதில் வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள்; அதன் முகவரி பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1 ஆக இருக்கும். இன்னொன்றில் 8.8.8.8, இது வெளியே இணையத்தில் இருக்கும் கூகுளின் சர்வர். இரண்டையும் ஓடவிட்டு வழக்கமான வேலையைப் பாருங்கள். நெட் நிற்கும் நேரத்தில் ரௌட்டர் 3, 4 மில்லிசெகண்டில் பதில் சொல்லிக்கொண்டே இருக்க, 8.8.8.8 மட்டும் நின்றுபோனால் லேப்டாப் மேல் தப்பில்லை, கனெக்‌ஷன் கொடுத்தவரைக் கூப்பிடுங்கள். இரண்டும் ஓடுகிறது, தளம் மட்டும் திறக்கவில்லையா? தளத்தின் பெயரை ஐபி முகவரியாக மாற்றும் டிஎன்எஸ்ஸைப் பாருங்கள். ரௌட்டருக்குப் போகும் பிங்கே 300, 800 என்று எகிறினால்தான் வைஃபையில் கோளாறு.

என் லேப்டாப்பில் அப்படித்தான் இருந்தது. டவுன்லோடு ஓடும்போது ஒரு குறையும் இருக்காது, ஆனால் இரண்டு நிமிடம் எதையாவது படித்துவிட்டு அடுத்த லிங்கை அழுத்தினால் சுற்றிக்கொண்டே நிற்கும். காரணம் பவர் சேவ். பேட்டரியை மிச்சப்படுத்த வைஃபை கார்டு இடையிடையே தூங்கப் போகும், சில கார்டுகளுக்கு அந்தத் தூக்கம் ஒழுங்காகக் கலைவதில்லை. டெர்மினலில் 'ஐடபிள்யூ டெவ்' (iw dev) என்று அடித்தால் கார்டின் பெயர் வரும், அதே கருவியிலேயே பவர் சேவ் ஆனா ஆஃபா என்று கேட்கலாம், சூடோ (sudo, அட்மின் அனுமதி) போட்டு ஆஃப் செய்யலாம். ஆஃப் செய்ததும் பிங் சமமாகிவிட்டதா, ஆளைப் பிடித்துவிட்டீர்கள்.

ஆனால் ரீஸ்டார்ட் செய்தால் பழையபடி ஆகிவிடும். நிரந்தரமாக மாற்ற, உபுண்டுவிலும் அதன் வழி வந்த பல டிஸ்ட்ரோக்களிலும் நெட் இணைப்பைக் கவனிக்கும் நெட்வொர்க்மேனேஜரின் 'கான்ஃப் டி' (conf.d) ஃபோல்டருக்குள் பெயரில் வைஃபை பவர்சேவ் (wifi-powersave) என்று வரும் ஒரு ஃபைல் இருக்கும். அதில் உள்ள 3 என்ற எண்ணை 2 ஆக்கி, நெட்வொர்க்மேனேஜரை ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஆஃப் என்று நினைத்து 0 போட்டுவிடாதீர்கள், 0 என்றால் டீஃபால்ட், 2தான் ஆஃப்.

இதற்கும் அடங்கவில்லை என்றால் சிக்னலைப் பாருங்கள். சிக்னல் பலத்தை டிபிஎம்மில் (dBm) சொல்வார்கள்: மைனஸ் 50, 60 நல்ல சிக்னல், மைனஸ் 75ஐத் தாண்டினால் அறுவதில் ஆச்சரியமில்லை. அடுக்குமாடி வீடு என்றால் ரௌட்டரை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள், நடுவில் சுவர்கள் அதிகம் என்பதால் 2.4தான் வேண்டுமென்றால் சேனல் 1, 6, 11 இவற்றில் கூட்டம் குறைவாக உள்ளதை எடுங்கள். ஒன்று பலருக்குத் தெரியாது: லேப்டாப்பை ஒட்டி வைத்த யுஎஸ்பி 3 ஹார்ட் டிஸ்க்கே 2.4ஐக் கெடுக்கும். ப்ளூடூத் ஹெட்செட்டும் அதே அலைவரிசைதான், கழற்றிவிட்டு ஒரு தடவை பாருங்கள்.

கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) அப்டேட்டுக்குப் பிறகுதான் ஆரம்பித்தது என்றால் வேறு எதையும் நோண்ட வேண்டாம். லேப்டாப் ஆன் ஆகும்போது வரும் க்ரப் மெனுவில் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸுக்குப் போய்ப் பழைய கெர்னலில் பூட் செய்து ஒரு நாள் ஓட்டுங்கள். அதில் அறுந்துபோகாமல் வந்தால், அடுத்த கெர்னல் வரும்வரை அதிலேயே இருங்கள்.