மோட்டார்ஹோமில் சோலார்: பேனலைக் கடைசியில் வாங்குங்கள்

மோட்டார்ஹோம், அதாவது உள்ளேயே தங்கிப் பயணிக்கும் வண்டியில் சோலார் என்றதும் எல்லாரும் முதலில் பேனலைத்தான் பார்க்கிறார்கள், நானும் அப்படித்தான் ஆரம்பித்து மாட்டிக்கொண்டேன். முதலில் ஒரு பேப்பரை எடுத்து, ஒரு நாளைக்கு எவ்வளவு கரண்ட் செலவாகும் என்று எழுதுங்கள். 45 வாட் ஃபிரிட்ஜ் விட்டு விட்டு ஓடி, மொத்தம் 12 மணி நேரம் ஓடினால் 540 வாட்-அவர். 25 வாட் ஃபேன் 8 மணி நேரத்துக்கு 200. லேப்டாப், விளக்கு, போன் எல்லாம் சேர்த்து இன்னொரு 260 என்று வைத்தால் மொத்தம் 1000.

இனி பேட்டரி. 12.8 வோல்ட், 100 ஆம்பியர்-அவர் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் என்றால் 1280 வாட்-அவர் இருக்கும். அதே அளவு லெட் ஆசிட்டில் பாதியைத்தான் நம்பலாம், அதற்குமேல் அடிக்கடி காலி செய்தால் சீக்கிரம் செத்துவிடும். மேகமூட்டமாக ஒரு நாள் வந்தாலே இடிக்கும் என்பதால் லித்தியத்தில் 200 ஆம்பியர்-அவர் போடுங்கள். குளிர்ப் பிரதேசம் போகிறவர்கள் கவனிக்க: 0 டிகிரிக்குக் கீழே லித்தியத்தை சார்ஜ் செய்யக் கூடாது.

கூரையில் படுக்கையாகக் கிடக்கும் 100 வாட் பேனல் நல்ல வெயிலில் ஒரு நாளைக்கு 300 முதல் 400 வாட்-அவர் கொடுக்கும், ஆக நம் கணக்குக்கு 400 வாட் பேனல் இருந்தால் கொஞ்சம் மிச்சமும் இருக்கும். ஏசியின் நிழல் பேனலின் ஒரு மூலையில் விழுந்தாலே உற்பத்தி படுத்துவிடும், அதனால் மாட்டும் முன் கூரையில் ஏறி, காலையிலும் மாலையிலும் நிழல் எங்கே போகிறது என்று பாருங்கள். பேனலுக்கு அடியில் காற்றுப் போக இடைவெளி விடுங்கள். சூடானால் வோல்டேஜ் இறங்கும். ஓட்டை போட்ட இடத்திலெல்லாம் சீலன்ட்டைத் தாராளமாக அப்புங்கள்.

பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவில் சார்ஜைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர், பேனலிலிருந்து அதிகபட்ச பவரை எடுக்கும் எம்பிபிடி வகையாக இருக்கட்டும், 400 வாட்டுக்கு 30 ஆம்பியர் போதும். பேனல்களை சீரிஸில், அதாவது ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டால் வோல்டேஜ் கூடும், குளிரில் இன்னும் ஏறும், கன்ட்ரோலரின் உச்ச வோல்டேஜைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இணைக்கும்போது முதலில் பேட்டரி, அப்புறம்தான் பேனல். கழற்றும்போது பேனல் முதலில்.

சரி, உண்மையான ஆபத்து வயரில்தான். பேட்டரி கரண்ட்டை வீட்டுக் கரண்ட்டாக மாற்றும் 1000 வாட் இன்வெர்ட்டர் முழு லோடில் 12 வோல்ட்டில் 85 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். கையில் இருக்கிறதே என்று நான் மெல்லிய வயரைப் போட்டு, வயர் நுனியில் மாட்டும் உலோக லக்கைச் சாதாரணக் குறடால் நசுக்கி முடுக்கினேன், கெட்டில் வைத்த சில நிமிடத்தில் பிளாஸ்டிக் கருகிய வாடை வந்தது, திறந்து பார்த்தால் லக்கை ஒட்டிய சிவப்பு உறை பழுப்பாகி உருகியிருந்தது. ஃப்யூஸ் போகவே இல்லை. மோசமான இணைப்பு சூடாவது ஃப்யூஸுக்குத் தெரியாது. ஃப்யூஸ் காப்பாற்றுவது வயரை, கருவியை அல்ல, ஆகவே வயர் தாங்கும் அளவுக்குள் அது இருக்க வேண்டும், பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். லக்கை வயரோடு இறுக்கி நசுக்க, அதாவது கிரிம்ப் செய்ய, ஹைட்ராலிக் கருவியை இரவல் வாங்கியாவது பயன்படுத்துங்கள்.

முதல் நாள் இன்வெர்ட்டரை முழு லோடில் 15 நிமிடம் ஓட்டி, எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, ஒவ்வொரு லக்குக்குப் பக்கத்திலும் வயரைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் பரவாயில்லை, சுட்டால் வெட்டிவிட்டுப் புது லக் போடுங்கள். வண்டி குலுங்கிக்கொண்டே இருக்கும், ஒரு மாதம் ஓட்டியபின் நட்டுகளை இன்னொரு முறை முடுக்கிவிடுங்கள்.