காரைக்குடி பழைய சாமான் கடைக்கு ஒரு நாள் ட்ரிப்பா? இந்த தப்பெல்லாம் பண்ணாதீங்க

மதுரை, திருச்சி ரெண்டு ஊர்லேர்ந்தும் காரைக்குடி சுமார் 90 கிலோமீட்டர்தான், காலைல கெளம்பி ராத்திரி வீட்டுக்கு வந்துடலாம். ஆனா நெறைய பேர் எறங்குன ஒடனே நேரா முனீஸ்வரன் கோவில் தெரு கடைகளுக்கு போயிடறாங்க, என்னைக் கேட்டா அதுதான் பெரிய தப்பு. மொதல்ல பழைய செட்டிநாட்டு வீடு, அப்புறம்தான் கடை. பக்கத்து ஊரு கானாடுகாத்தான்ல ரெண்டு தெரு சுத்துங்க, ஆத்தங்குடில லட்சுமி ஹவுஸ்ங்கற பழைய வீட்ல சின்ன கட்டணம்தான், உள்ள போய் முகப்பு (வாசப்பக்கம்), வளவு (நடு முத்தம்), ரெண்டாங்கட்டு (அதுக்குப் பின்னாடி பகுதி)ன்னு நின்னு பாருங்க. பர்மா தேக்குத் தூண் எவ்ளோ கனம், நெலைக்கதவுல செதுக்கு வேலை எவ்ளோ ஆழம்னு கண்ணுக்கு பழகிடுச்சுன்னா கடையில புதுசா செஞ்சு கறை பூசி வெச்சதை நீங்களே கண்டுபுடிச்சுடுவீங்க. ஆனா கதவு தொறந்து கெடக்குன்னு எல்லா வீட்லயும் நுழையாதீங்க, பல வீட்ல ஆளுங்க குடியிருக்காங்க, கேட்டுட்டு போங்க.

இந்த சாமானெல்லாம் எப்படி கடைக்கு வந்துச்சுன்னும் தெரிஞ்சுக்கணும். பர்மா, மலாயா, சிலோன்னு போய் வட்டித்தொழில் பண்ணி நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டை செட்டியாருங்க கட்டுன வீடுங்க இதெல்லாம், 1942ல ஜப்பான் பர்மாவ புடிச்சதும் பெரிய அடி, அப்புறம் பங்காளிங்க பாகம் பிரிச்சு, பராமரிக்க முடியாம பல வீட்ட இடிச்சு தூணும் கதவும் மங்கு (பீங்கான்) சாமானும் தனித்தனியா வெலைக்கு போச்சு. அதனால "இந்த பழசுக்கா இவ்ளோ வெலை"ன்னு கடைக்காரர்கிட்ட எளக்காரமா பேசாதீங்கண்ணே. பேரம் பேசுங்க, தப்பில்ல, பொருள மதிச்சு பேசுங்க.

பித்தளை அண்டா, தூக்குவாளில பேர் வெட்டியிருந்தா வேணாம்னு ஒதுக்கறாங்க பாருங்க, எனக்கு மனசே கேக்காது! சீர் சாமான்ல அந்த வீட்டோட பேர், இனிஷியல் வெட்டறது அங்க வழக்கம், அதுதான் அந்த பாத்திரத்தோட ஜாதகம், அதப்போய் பளபளன்னு பாலிஷ் போட்டு தரச் சொல்லி தேச்சு அழிச்சுடாதீங்க.

மரச்சாமான்னா திருப்பிப் போட்டு அடிப்பக்கம் பாருங்க, பூச்சி ஓட்டையில புது மாவு கொட்டுச்சுன்னா வாங்காதீங்க, வீட்ல இருக்கற மத்த மரத்துக்கும் பரவிடும். ஸ்டார் ஸ்க்ரூ இருந்தா ஒண்ணு பிற்பாடு ரிப்பேர் பண்ணதா இருக்கும், இல்லேன்னா பொருளே புதுசா இருக்கும், கேட்டுடுங்க.

யானைத் தந்தம் எவ்ளோ பழசா இருந்தாலும் தொடவே தொடாதீங்க, அத விக்கறதும் வாங்கறதும் குத்தம். கல், உலோக சாமி சிலை நூறு வருஷத்துக்கு மேலன்னு சொன்னா தொல்லியல் துறை பதிவு சர்ட்டிபிகேட் கேளுங்க, இல்லேன்னா விட்டுடுங்க. வெளிநாட்டுல இருக்கற அக்கா, அண்ணனுக்குன்னு வாங்கறவங்க 1972 தொல்பொருள் சட்டத்த மனசுல வெச்சுக்கங்க, நூறு வருஷம் தாண்டுன கலைப்பொருள தனி ஆளுங்க வெளிநாட்டுக்கு கொண்டு போக முடியாது.

சாப்பாட்டு நேரத்துல சில கடை மூடிடுவாங்க, ஞாயித்துக்கிழமை போறதா இருந்தா முன்னாடியே போன் போட்டு கேட்டுடுங்க. பெரிய சாமான்னா லாரில போட்டு விட என்ன ஆகும்னு வெலை முடிக்கறதுக்கு முன்னாடியே பேசுங்க, பெல்ஜியம் கண்ணாடிய மட்டும் லாரில விடாதீங்க, கார்லயே பின்சீட்ல போர்வை சுத்தி எடுத்துட்டு வந்துடுங்க.