தோட்டத்துக்கு மென்பொருள் செய்து கொடுக்கிறீர்களா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டப்புற ஊரில் வேலை எடுத்தால், முதலில் கணினியைத் திறக்காதீர்கள். விடியற்காலை பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கும் இடத்துக்குப் போய் நில்லுங்கள். கிராணி (தோட்டக் கணக்கர்) நோட்டில் எதை எழுதுகிறார், வெட்டிய செம்பனைக் குலைகளை யார் எண்ணுகிறார், மழை நாளில் கணக்கு எப்படி மாறுகிறது என்று பாருங்கள், ஏனென்றால் முதலாளி கேட்பது ஒன்று, தினமும் அதைத் தட்டப்போகிற கிராணிக்கு வேண்டியது வேறொன்று.

அப்புறம் ஒரே ஒரு திரையைச் செய்து இரண்டு வாரத்தில் கிராணி கையில் கொடுங்கள். 2001இல் 17 பேர் எழுதிய அஜைல் (மென்பொருளைச் சிறிது சிறிதாகச் செய்து கொடுக்கும் முறை) கொள்கைகளும் இயங்கும் மென்பொருளை அடிக்கடி கொடுக்கத்தான் சொல்கின்றன. செம்பனைத் தோட்டத்துக்குள் போன் லைன் கிடைக்காத இடத்திலும் அது ஓடுகிறதா என்று நீங்களே நடந்துபோய்ப் பாருங்கள், இதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

புதிதாக ஏதாவது கேட்டால் உடனே சரி சொல்லாமல், எத்தனை நாள், எத்தனை ரிங்கிட் என்று வாட்சாப்பில் எழுதி ஒப்புதல் வாங்குங்கள்.