பெர்லினில் ஆங்கில சப்டைட்டிலோடு உலக சினிமா திரையிடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

முதல் சறுக்கல் போஸ்டரிலேயே நடந்துவிடும். ஜெர்மனியில் ‘ஓ-எம்-ஊ’ (OmU) என்று மூன்றெழுத்து போட்டால் ஒலி மூல மொழியில், சப்டைட்டில் ஜெர்மனில் என்று அர்த்தம். ஆங்கில சப்டைட்டில் என்றால் நடுவில் ஓர் எழுத்து கூடி ‘ஓ-எம்-ஏ-ஊ’ (OmeU) ஆகும். ‘ஓ-ஃபாவ்’ (OV) என்றால் பொதுவாக சப்டைட்டிலே இல்லை. அந்த ஓர் எழுத்து விட்டுப்போனால் ஜெர்மன் தெரியாத பாதி அரங்கம் பத்தாவது நிமிடம் எழுந்து போய்விடும். டிக்கெட் பணத்தையும் திருப்பித் தர வேண்டியிருக்கும். ஊருக்குப் புதிதாக வந்தவர்களுக்கு இந்தச் சுருக்கெழுத்து புரியாது. ஆகவே ‘ஆங்கில சப்டைட்டில்’ என்று முழுதாகவும் அச்சிடுங்கள்.

அடுத்தது, பெர்லினாலே திரைப்பட விழாவில் ஆங்கில சப்டைட்டிலோடு ஓடிய படம் வெளியீட்டின்போதும் அப்படியே வரும் என்று நம்புவது. விழாவுக்கு வந்த பிரதி வேறு, உள்ளூர் விநியோகஸ்தர் தியேட்டருக்கு அனுப்பும் பிரதி வேறு. பின்னதில் பெரும்பாலும் ஜெர்மன் மட்டும்தான். ‘சப்டைட்டில் உண்டா?’ என்று கேட்டால் ‘உண்டு’ என்றுதான் பதில் வரும். ‘ஆங்கில சப்டைட்டில் உள்ள டிசிபி யாரிடம் இருக்கிறது?’ என்று கேளுங்கள். டிசிபி என்பது தியேட்டரில் ஓட்டும் டிஜிட்டல் பிரதி. விநியோகஸ்தரிடம் இல்லாவிட்டால் படத்தின் உலக விற்பனை முகவரிடம் இருக்கும். திரையிடும் உரிமை ஒருவரிடம், பிரதி இன்னொருவரிடம் என்பது சகஜம். இருவரிடமும் எழுத்தில் ஒப்புதல் வாங்க வேண்டும்.

டிசிபி வந்ததும் அதன் பெயரைப் படியுங்கள். மொழிப் பகுதியில் ‘எஃப்ஆர்-ஈஎன்’ என்றிருந்தால் ஒலி பிரெஞ்சு, சப்டைட்டில் ஆங்கிலம். இரண்டாவது இடத்தில் ‘எக்ஸ்எக்ஸ்’ இருந்தால் சப்டைட்டில் கிடையாது. சப்டைட்டில் மொழி சிறிய எழுத்தில் இருந்தால் அது படத்தோடு சேர்த்தே பதிக்கப்பட்டது, பெரிய எழுத்தில் இருந்தால் தனிக் கோப்பு. பிரதி தயாரிக்கும் எல்லா லேபும் இதை ஒழுங்காகப் பின்பற்றுவதில்லை. முதல் வசனம், நடுவில் ஒரு காட்சி, கடைசிப் பத்து நிமிடம் என்று ஓட்டிப் பார்ப்பதுதான் நம்பகமானது.

பெரும்பாலான இரவுகள் கெடுவது கேடிஎம்மில், அதாவது பூட்டிய டிசிபியைத் திறக்கும் டிஜிட்டல் சாவியில். ‘கேடிஎம் வரவில்லை, முதல் காட்சி தாமதம்’ என்பது நம்மூர் ரசிகர்களுக்கும் பழகிய செய்திதான். இங்கே கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு. ஆங்கில சப்டைட்டில் பல சமயம் ‘விஎஃப்’ என்ற துணைப் பேக்கேஜாக வரும். அது ஓட மூலப் பேக்கேஜும் படத்தை ஓட்டும் அதே சர்வரில் ஏறியிருக்க வேண்டும். கேடிஎம் குறிப்பிட்ட ஒரு சிபிஎல்லுக்கு (எந்தப் படம், ஒலி, சப்டைட்டில் ஓட வேண்டும் என்று சொல்லும் பட்டியல் கோப்பு) மட்டுமே செல்லும். மூலத்துக்கான சாவியை அனுப்பிவிட்டால் படம் ஓடும், சப்டைட்டில் வராது. சாவியில் உள்ள 36 எழுத்து அடையாளக் குறியின் கடைசி நாலைந்து எழுத்தை சர்வர் திரையில் தெரியும் சிபிஎல்லோடு ஒப்பிட ஆபரேட்டருக்கு ஒரு நிமிடம் போதும். சாவி அந்த சர்வருக்கே உரியது என்பதால் கடைசி நேரத்தில் பக்கத்து அரங்கத்துக்கு மாற்றினால் புது சாவி வேண்டும். சாவி கேட்கும்போதே ‘பெர்லின் நேரப்படி, காட்சிக்கு 48 மணி நேரம் முன்பிருந்து’ என்று எழுதுங்கள். காட்சி நேரத்துக்கு மட்டும் திறக்கும் சாவியை வைத்துக்கொண்டு ஒத்திகை பார்க்க முடியாது. 200 ஜிபி படத்தைப் பழைய யூஎஸ்பி 2 வழியாக ஏற்ற ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

ஆங்கில டிசிபியே இல்லாத பழைய படங்களுக்குத் இன்னொரு புரொஜெக்டர் வைத்துத் திரைக்குக் கீழே சப்டைட்டில் ஓட்டுவார்கள். இணையத்தில் கிடைத்த எஸ்ஆர்டி சப்டைட்டில் கோப்பை அப்படியே போடுவதுதான் இதில் பெரிய தவறு. வினாடிக்கு 25 ஃபிரேம் வேகத்துக்குச் செய்த கோப்பு, 24 ஃபிரேமில் ஓடும் 90 நிமிடப் படத்தின் முடிவில் மூன்றரை நிமிடத்துக்கும் மேல் முந்திப் போய்விடும். கொலைகாரன் யார் என்று சப்டைட்டில் சொல்லிவிட, திரையில் இன்னும் விசாரணை நடந்துகொண்டிருக்கும். நேரத்தைத் திருத்தினாலும், படத்தின் மொழி தெரிந்த ஒருவர் வரிக்கு வரி பொத்தான் அழுத்துவதே பாதுகாப்பு. ஒரு தடவைக்கு இரண்டு வரி, வரிக்கு நாற்பது எழுத்து என்ற அளவைத் தாண்ட வேண்டாம்.

திரையையும் பாருங்கள். ஃப்ளாட் (அகலம் குறைந்த வடிவ) படத்தை ஸ்கோப் (அகலத்திரை) செட்டிங்கில் ஓட்டினால் மேலும் கீழும் படம் திரையைச் சுற்றியுள்ள கறுப்புத் துணியில் வழிந்து, சப்டைட்டில் அதில் காணாமல் போகும். சரிவில்லாத தரையுள்ள பார், காலரி போன்ற இடங்களில் முன்வரிசைத் தலைகள் கீழ்வரியை மறைக்கும். கடைசி நாற்காலியில் உட்கார்ந்து சோதித்து, தேவையானால் திரையை உயர்த்துங்கள், அல்லது நாற்காலிகளை வரிசைக்கு வரிசை அரை இடம் தள்ளிப் போடுங்கள்.

வீட்டுக்கு வாங்கிய புளூரேயையோ ஓடிடி கணக்கையோ வைத்துப் பொதுமக்களுக்குத் திரையிட உரிமை இல்லை. இலவசக் காட்சி என்பதும் சாக்காகாது. ஜெர்மனியின் எஃப்எஸ்கே அமைப்பு தரும் வயதுச் சான்று இல்லாத படத்துக்கு 18 வயதுக்குக் கீழே யாரையும் விடக் கூடாது. வெளிநாட்டு விழாப் படங்கள் பலவற்றுக்கு அந்தச் சான்று இருக்காது என்பதால் ‘குடும்பத்தோடு வாருங்கள்’ என்று அழைக்கும் முன் விசாரியுங்கள். படம் முடிந்து இயக்குநரோடு ஆங்கிலத்தில் உரையாடல் வைத்திருந்தால், 100 நிமிடப் படத்துக்கு அரங்கத்தை இரண்டு மணி நேரம் எடுப்பது போதாது. இரண்டே முக்காலாவது எடுங்கள், அடுத்த காட்சிக்கு முன் கூட்டிப் பெருக்கவும் ஆட்களுக்கு நேரம் வேண்டும்.