பீட்டலை நாலு போல்ட்டுக்கு மாற்றுவதா? ரிம் கடைசியில்தான்

சுங்கை சிப்புட்டில் பழைய வோக்ஸ்வேகன் பீட்டல் வைத்திருக்கும் பிள்ளைகள் என் பட்டறைக்கு வந்தால் முதலில் நீட்டுவது கைப்பேசியில் உள்ள ரிம் படத்தைத்தான். "அண்ணே, இது நம்ம காடிக்கு ஏறுமா?" ஏற வைக்கலாம் தம்பி. ஆனால் ரிம்மை வாங்கிவிட்டு அதற்கேற்ற பிரேக்கைத் தேடுவது தலைகீழ் வேலை. முதலில் அச்சு எது, பேரிங் எது என்று தெரியவேண்டும். டிரம் பிரேக்கோ டிஸ்க் பிரேக்கோ அதைப் பொறுத்தது. அப்புறம் போல்ட். ரிம் கடைசி.

பழைய பீட்டலில் ஐந்து போல்ட், 205 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டத்தில் இருக்கும். 1968 மாடலிலிருந்து பெரும்பாலானவற்றில் நாலு போல்ட், 130 மில்லிமீட்டர். நாலு துளை என்றால் எதிரெதிர்த் துளைகளின் நடுவிலிருந்து நடுவுக்கு அளந்தால் போதும். ஐந்தில் நேர் எதிரே துளை இருக்காது. பக்கத்துத் துளை வரை அளந்து 1.7ஆல் பெருக்குங்கள். அந்த இடைவெளி 120.5 மில்லிமீட்டர் என்றால் வட்டம் 205.

கிராண்டில், அதாவது காடியின் பதிவுப் பத்திரத்தில், எழுதியிருக்கும் ஆண்டை நம்பிப் பாகம் வாங்காதீர்கள். எஸ்டேட் கிராணி வாங்கியதாக இருக்கும், பிறகு நாலு பேர் கைமாறியிருக்கும், நடுவில் எங்கோ மோதி முன் அச்சே வேறு காடியிலிருந்து வந்திருக்கும். கீழே படுத்துப் பாருங்கள். பொதுவாக 1965 மாடல் வரை கிங்பின், 1966 மாடலிலிருந்து பால் ஜாயிண்ட். நெட்டுக்குத்தாகத் தடித்த பின் இருந்தால் கிங்பின். மேலும் கீழும் ரப்பர் உறை போட்ட உருண்டை மூட்டு தெரிந்தால் பால் ஜாயிண்ட். இரண்டுக்கும் பேரிங் அளவு வேறு, ஒன்றின் டிரம் மற்றதில் உட்காராது. இரண்டுக்குமே நாலு போல்ட் டிரம்மும் டிஸ்க் செட்டும் விற்கிறார்கள், அதனால் கடையில் எது வேண்டும் என்று தெளிவாகச் சொல்லுங்கள். பழைய பேரிங்கைத் துடைத்துக் கையோடு கொண்டு போய்விட்டால் வாய்ப்பேச்சே வேண்டாம், எண் அதிலேயே வெட்டியிருக்கும். இடது முன்சக்கரம் சுழலும் தண்டின் (ஸ்பிண்டில்) நட்டுக்கு மரை தலைகீழ், அதைத் திறக்க முறுக்கி முறுக்கி உடைத்தவர்கள் உண்டு. வேகமானி கேபிள் ஒரு முன்சக்கரத்தின் கிரீஸ் மூடி வழியாகத்தான் ஓடுகிறது. புது ஹப்போடு வரும் மூடியில் அதற்குச் சதுரத் துளை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

"அடாப்டர் தட்டு போட்டா முடிஞ்சிடாதா?" என்று கேட்பார்கள், ஐந்து துளையை நாலாக்க நடுவில் வைக்கும் தட்டைச் சொல்கிறார்கள். ரிம் ஏறும், அவ்வளவுதான். சக்கரம் வெளியே தள்ளி நிற்கும், மட்கார்டில் உரசும், பேரிங் மேல் சுமை கூடும், உள்ளே பிரேக் அதே பழசு. தோட்டத்துச் செம்மண் குழிகளில் ஓடும் காடிக்கு நான் அதைப் போட்டுக் கொடுப்பதில்லை.

பின்பக்கத்தில்தான் பணம் அதிகம் வீணாகிறது. நாலு போல்ட் டிரம் மட்டும் மலிவாகக் கிடைத்தது என்று வாங்கி வருவார்கள். ஷூவைத் தாங்கும் பழைய தட்டிலும் ஷூவிலும் அது சரியாகப் பொருந்தாது. டிரம், ஷூவைத் தாங்கும் தட்டு, ஷூ, வீல் சிலிண்டர், பேரிங் மூடி, ஸ்பேசர் எல்லாம் ஒரே மாடலிலிருந்து ஒரு கூட்டமாக எடுங்கள். ஹேண்ட்பிரேக் கேபிள் நீளத்தையும் பழையதோடு ஒப்பிடுங்கள். செகண்ட்ஹேண்ட் டிரம்மில் உட்புறம் விளிம்பு தட்டினால் தேய்ந்திருக்கிறது என்று பொருள். லேத்தில் கடைந்தால் தேய்மான வரம்புக்குள் நிற்குமா என்று கடைபவரிடம் முதலில் அளக்கச் சொல்லுங்கள். பழைய ஷூவின் தூளைக் காற்றடித்து ஊதாதீர்கள், அதில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். தண்ணீர் தெளித்துத் துடையுங்கள்.

முன்னால் டிஸ்க் போடுவது என் விருப்பம். மழையில் நனைந்தாலும் சீக்கிரம் காய்கிறது. ஆனால் பெடலை மிதித்தால் பிரேக் எண்ணெயைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர், டிரம்முக்கானது என்றால், குழாயில் கொஞ்சம் அழுத்தத்தைப் பிடித்து வைக்கும். டிஸ்க்கில் அது பிரேக் பேடை (pad) உரசிக்கொண்டே இருக்கவைத்துச் சூடேற்றும். டிஸ்க்குக்கென உள்ள இரட்டைச் சுற்று மாஸ்டரையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள். அதற்குப் பணம் இல்லையென்றால் நல்ல டிரம்மே போதும்.

போல்ட்டுக்கு வருவோம். ஐந்து போல்ட் காடியில் பெரும்பாலும் 12 மில்லிமீட்டர், நாலு போல்ட்டில் 14, இரண்டுக்கும் மரை இடைவெளி 1.5 மில்லிமீட்டர். பழைய இரும்பு ரிம்மில் போல்ட் உட்காரும் இடம் உருண்டை, கடையில் விற்கும் பல அலாய் ரிம்களில் கூம்பு. மாற்றிப் போட்டால் இறுக்கம் நிற்காது. 14 போல்ட் கையாலேயே ஒன்பது சுற்றாவது உள்ளே போகவேண்டும். மிஞ்சி நீண்டாலும் ஆபத்து. பின்சக்கரத்தைக் கையால் சுழற்றிப் பாருங்கள், உள்ளே ஷூவில் இடித்தால் சத்தம் கேட்கும்.

கடைசியாக, பின் அச்சின் 36 மில்லிமீட்டர் நட். இதற்கு ஏறக்குறைய 300 நியூட்டன் மீட்டர் முறுக்கு வேண்டும். படுக்கையாக நிற்கும் கம்பியில் 60 சென்டிமீட்டர் தள்ளி 50 கிலோ பாரம் தொங்குவது போல. நட்டைப் பூட்டும் கம்பிப் பின்னுக்கான துளை நேராக வரவில்லையென்றால் மேலும் இறுக்குங்கள், ஒருபோதும் தளர்த்தாதீர்கள். முதல் 100 கிலோமீட்டருக்குள் நாலு சக்கரத்தின் போல்ட்டையும் மறுபடி இறுக்கிப் பாருங்கள்.