செப்டம்பர் மாத பேஸ்பால்: புது ரசிகர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் ஆபீஸில் ஒவ்வொரு வருடமும் நாலைந்து பேர் புதிதாக பேஸ்பால் பார்க்க ஆரம்பிக்கிறார்கள். ஏப்ரல், மே மாதங்களில் சும்மா எட்டிப் பார்ப்பார்கள். செப்டம்பர் வந்தால் திடீரென்று ஜுரம் பிடித்துவிடும். மதியச் சாப்பாட்டு மேசையில் அவர்கள் கேட்கும் கேள்விகளைக் கேட்டால், நான் நியூயார்க் மெட்ஸ் அணியின் பின்னால் அலைய ஆரம்பித்த காலத்தில் கேட்ட அசட்டுக் கேள்விகள் அப்படியே திரும்பி வருகின்றன. அதனால்தான் எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். நியூயார்க்கின் இன்னொரு அணியான யாங்கீஸின் தொப்பியைப் போட்டுக்கொண்டு மெட்ஸ் மைதானமான சிட்டி ஃபீல்டுக்கு வருவது போன்ற தவறுகளைச் சொல்லப்போவதில்லை. அதையெல்லாம் பக்கத்து சீட்டுக்காரர் பார்த்துக்கொள்வார்.

தெரியாதவர்களுக்கு ஒரு வரி: அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பாலில் இரண்டு லீக், ஒவ்வொன்றிலும் மூன்று டிவிஷன். ஒரு சீசனில் ஒவ்வொரு அணியும் 162 ஆட்டம் ஆடும். 2022 முதல் ஒவ்வொரு லீகிலும் ஆறு அணிகள் பிளேஆஃப் போகின்றன. மூன்று டிவிஷன்களிலும் முதலிடம் பிடித்தவர்கள் மூவர், மீதிப் பேரில் சிறந்த மூவருக்கு வைல்டு கார்டு.

'எத்தனை ஆட்டம் பின்தங்கியிருக்கிறோம்' என்பதை மட்டும் பார்ப்பது

புள்ளிப் பட்டியலில் எல்லோர் கண்ணும் போய் நிற்கும் இடம் இதுதான். ஆனால் எல்லா அணிகளும் ஒரே நாளில் ஒரே எண்ணிக்கையில் ஆடியிருப்பதில்லை. மழையால் ஒரு ஆட்டம் தள்ளிப்போயிருக்கும், ஒருவருக்கு ஓய்வு நாள் வந்திருக்கும். நம் அணி 80 வெற்றி, 66 தோல்வி. போட்டி அணி 78 வெற்றி, 64 தோல்வி என்று வைத்துக்கொள்ளுங்கள். இருவருக்கும் தோல்வியைவிட வெற்றி 14 அதிகம் என்பதால், பட்டியல் இருவரும் சமம் என்று காட்டும். சமமே இல்லை. அவர்களுக்கு இன்னும் நான்கு ஆட்டம் கூடுதலாக மிச்சம் இருக்கிறது, நாம் இரண்டு முறை கூடுதலாகத் தோற்றிருக்கிறோம். ஆடாத ஆட்டத்தை இனி ஜெயித்துக்கொள்ளலாம். வாங்கிய தோல்வியை யாரும் திருப்பித் தர முடியாது. பழைய ரசிகர்கள் தோல்விப் பத்தியை முதலில் பார்ப்பது இதனால்தான்.

மேஜிக் நம்பர்

நம் வெற்றியும் துரத்துபவரின் தோல்வியும் சேர்ந்து இன்னும் எத்தனை வந்தால் நம் இடம் உறுதியாகும் என்பதுதான் இந்த எண். 163லிருந்து நம் வெற்றிகளையும் துரத்துபவரின் தோல்விகளையும் கழியுங்கள். நமக்கு 88 வெற்றி, அவர்களுக்கு 66 தோல்வி என்றால் 9. கணக்கு அவ்வளவுதான், இதற்கு ஆப் வேண்டாம்.

'டை ஆனால் அப்போது பார்த்துக்கொள்ளலாம்' என்று விடுவது

எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வருவது இந்த ஒன்றில்தான். கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முன்பெல்லாம் இரண்டு அணிகள் சமமாக முடித்து, ஒரே ஒரு இடம் இருந்தால், 163வது ஆட்டம் என்று ஒன்று வைப்பார்கள். 2007இல் கொலராடோவும் சான் டியேகோவும் அப்படி, வழக்கமான ஒன்பதுக்குப் பதில் 13 இன்னிங்ஸ் ஆடிய ஆட்டத்தை இன்றைக்கும் பேசுவார்கள். 2018இல் ஒரே நாளில் அப்படி இரண்டு ஆட்டங்கள் நடந்தன. 2022இல் அதை எடுத்துவிட்டார்கள். இப்போது சமமாக முடித்தால், அந்த சீசனில் அந்த இரண்டு அணிகளும் நேருக்கு நேர் மோதியதில் யார் அதிகம் ஜெயித்தார்கள் என்று பார்ப்பார்கள். அதுவும் சமம் என்றால் அவரவர் டிவிஷனுக்குள் எப்படி ஆடினார்கள் என்று பார்ப்பார்கள். புது ஆட்டம் எதுவும் கிடையாது.

நம்மவர்களுக்கு இதில் இன்னொரு குழப்பமும் உண்டு. கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர்கள் நெட் ரன் ரேட் மாதிரி ஏதோ ஒன்று இருக்கும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். 2024 மே மாதம் பெங்களூருவிடம் 27 ரன்னில் தோற்று, 14 புள்ளியோடு சென்னை வெளியேறியது மறக்குமா? ஆனால் பேஸ்பாலில் 12-0 என்று ஜெயித்தாலும் 1-0 என்று ஜெயித்தாலும் ஒரே மதிப்புதான். ரன் வித்தியாசத்தைச் சீண்டவே மாட்டார்கள்.

இதன் விலை என்ன என்று மெட்ஸ் ரசிகர்களிடம் கேளுங்கள். 2022 செப்டம்பர் கடைசியில் மெட்ஸ் ஒரு ஆட்டம் முன்னிலையோடு அட்லாண்டா போனது. மூன்று ஆட்டங்கள். அதுவரை அந்த வருடம் அட்லாண்டாவோடு மோதியதில் 9-7 என்று மெட்ஸ் பக்கம்தான் கணக்கு இருந்தது. மூன்றில் ஒன்றே ஒன்று ஜெயித்திருந்தால் போதும், நேருக்கு நேர் கணக்கு நம் கைக்கு வந்துவிடும். டிகிராம், ஷெர்சர், பாசிட் என்று கையிலிருந்த முதல் தரப் பிட்சர்களை (பந்து வீசுபவர்களை) வரிசையாக இறக்கினார்கள். மூன்றிலும் தோல்வி. சீசன் முடிவில் இரண்டு அணிகளும் 101 வெற்றி, 61 தோல்வி. நேருக்கு நேர் 10-9, அட்லாண்டா பக்கம். அட்லாண்டாவுக்கு டிவிஷன் பட்டமும் முதல் சுற்றில் ஓய்வும் கிடைத்தது. 101 ஆட்டம் ஜெயித்த மெட்ஸ், வைல்டு கார்டு சுற்றில் சான் டியேகோவிடம் மூன்று ஆட்டத்தில் இரண்டைத் தோற்று அக்டோபர் 9ஆம் தேதியே மூட்டை கட்டியது. அட்லாண்டாவும் அடுத்த சுற்றில் ஃபிலடெல்பியாவிடம் தோற்றது என்பதில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம் இருந்தது. மறைப்பானேன்.

2024இல் அதே விதி மெட்ஸைக் காப்பாற்றியது. ஹெலீன் புயலால் தள்ளிப்போன இரண்டு ஆட்டங்களை, சீசன் முடிந்த மறுநாள் திங்கட்கிழமை ஒரே நாளில் அட்லாண்டாவில் ஆடினார்கள். அரிசோனா தன் 162ஐயும் முடித்துவிட்டு வீட்டில் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தது. இரண்டிலும் ஒரே அணி ஜெயித்தால் அரிசோனா உள்ளே. ஆளுக்கொன்று ஜெயித்தால் வெளியே. முதல் ஆட்டத்தில் ஒன்பதாவது இன்னிங்ஸில் லிண்டோர் அடித்த ஹோம் ரன்னில் 8-7 என்று மெட்ஸ் ஜெயித்தது. இரண்டாவதை அட்லாண்டா 3-0 என்று எடுத்துக்கொண்டது. மூன்று அணிகளும் 89 வெற்றி, 73 தோல்வி. அரிசோனா இந்த இரண்டு அணிகளிடமும் நேருக்கு நேர் கணக்கில் பின்தங்கியிருந்ததால் வெளியே போனது. அதற்கு முந்தைய வருடம் உலகத் தொடர் எனப்படும் இறுதிச் சுற்று வரை போன அணி அது.

அப்புறம் 2025. இதுதான் அந்த எரிச்சலின் மூலம்.

ஜூலை மாதம், ஆல்-ஸ்டார் விடுமுறை முடிந்த கையோடு சின்சினாட்டி அணி சிட்டி ஃபீல்டுக்கு வந்தது. ஆபீஸ் பையன் ஒருவனை அழைத்துப் போயிருந்தேன். ஏழாவது இன்னிங்ஸில், 7ஆம் எண் ரயிலில் கூட்டம் ஏறுவதற்குள் கிளம்பிவிடலாம் என்று அவசரப்படுத்தினான். "சின்சினாட்டிதானே அண்ணா, வேற டிவிஷன். தோத்தா என்ன ஆகப்போகுது?" என்றான். மெட்ஸ் அந்தத் தொடரில் மூன்றில் இரண்டைத் தோற்றது. செப்டம்பர் முதல் வாரம் சின்சினாட்டியில் மறுபடி மூன்று ஆட்டம், மறுபடி இரண்டு தோல்வி. மொத்தம் 4-2, சின்சினாட்டி பக்கம்.

கடைசி ஞாயிறு காலையில் இரண்டு அணிகளும் 83 வெற்றி, 78 தோல்வி. அதே பையன் போன் செய்து, "ரெண்டு பேரும் தோத்தா டை ஆயிடும், அப்போ இன்னொரு மேட்ச் எப்போ வைப்பாங்க?" என்று கேட்டான். அந்த மேட்ச் ஜூலையிலேயே நடந்து முடிந்துவிட்டது, ஏழாவது இன்னிங்ஸில் எழுந்து போகலாம் என்று நீதான் சொன்னாய் என்று சொல்ல வாய் வரை வந்தது. சின்சினாட்டி அன்று மில்வாக்கியிடம் தோற்றது. வாசல் திறந்தே இருந்தது. மெட்ஸ் மயாமியில் ஐந்தாவது இன்னிங்ஸில் மூன்று பேஸையும் நிரப்பியபோது அலோன்சோ பளாரென்று அடித்த பந்து நேராக ஃபீல்டர் கையில் போய் விழுந்தது. 4-0 தோல்வி. இரண்டு அணிகளும் 83-79, சின்சினாட்டி உள்ளே. ஜூன் நடுவில் 45-24 என்று பேஸ்பாலிலேயே முதலிடத்தில் இருந்த அணியின் கதை இப்படி முடிந்தது. 2007, 2008 இரண்டு வருடங்களிலும் கடைசி நாளில் மெட்ஸைக் கவிழ்த்ததும் இதே மயாமி அணிதான் (அப்போது அதற்கு ஃபுளோரிடா என்று பெயர்) என்பது தனி வயிற்றெரிச்சல்.

அந்த ஒரே வருடத்தில் டெட்ராய்ட்டும் ஹூஸ்டனும் 87-75 என்று சமமாக முடித்து ஹூஸ்டன் வெளியேறியது. டொராண்டோவும் யாங்கீஸும் 94-68 என்று முடித்து டிவிஷன் டொராண்டோவுக்குப் போனது. எல்லாமே நேருக்கு நேர் கணக்கில்தான்.

சரி, என்ன செய்யலாம்? 2023 முதல் சொந்த டிவிஷன் அணியோடு 13 ஆட்டம், லீகின் மற்ற அணிகளோடு ஆறோ ஏழோதான். ஆறு ஆட்டம் என்றால் நான்கு தோற்றதுமே கணக்கு முடிந்துவிடும். அதனால் நம்மோடு வைல்டு கார்டுக்கு மோதக்கூடிய அணிகளின் பெயரை ஒரு தாளில் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டுங்கள். ஒவ்வொரு தொடர் முடிந்ததும் பெயருக்கு எதிரே கணக்கைத் திருத்துங்கள். ஒரு அணியிடம் அந்தக் கணக்கு போய்விட்டது என்றால், அந்த அணியின் வெற்றியோடு மனதுக்குள் ஒன்று கூட்டிக்கொள்ளுங்கள். செப்டம்பர் 28 காலையில் சின்சினாட்டி மெட்ஸுக்குச் சமமாக இருக்கவில்லை, ஒரு ஆட்டம் முன்னால் இருந்தது. மேஜிக் நம்பரும் இப்படித்தான்: நேருக்கு நேர் கணக்கு நம் கையில் என்றால் 163க்குப் பதில் 162லிருந்து கழிக்கலாம்.

சதவீதத்தைப் பார்த்துவிட்டு நிம்மதியாகத் தூங்குவது

பிளேஆஃப் வாய்ப்பு இத்தனை சதவீதம் என்று தினமும் கணித்துப் போடுகிறார்கள். பார்க்கலாம், தப்பில்லை. ஆனால் 2011 செப்டம்பர் தொடக்கத்தில் பாஸ்டன் வைல்டு கார்டில் ஒன்பது ஆட்டம் முன்னிலையில் இருந்தது. அந்த மாதம் 7 வெற்றி, 20 தோல்வி. செப்டம்பர் 28 இரவு பாஸ்டன் பால்டிமோரிடம் கடைசி இன்னிங்ஸில் தோற்றது. சில நிமிடங்களில், 7-0 என்று பின்தங்கியிருந்த டாம்பா பே, லோங்கோரியாவின் ஹோம் ரன்னில் யாங்கீஸை வென்று உள்ளே போனது. 2007இல் மெட்ஸ் 17 ஆட்டம் மிச்சம் இருக்கும்போது ஏழு ஆட்டம் முன்னால் இருந்து ஃபிலடெல்பியாவிடம் டிவிஷனை விட்டது. 2025இல் கிளீவ்லேண்ட் ஜூலையில் டெட்ராய்ட்டுக்கு 15.5 ஆட்டம் பின்னால் இருந்து பட்டத்தைப் பிடித்தது.

இதை மறுபக்கமும் வைத்துப் பாருங்கள். நம் அணிக்கு 4 சதவீதம்தான் என்று டிவியை அணைப்பவர்களும் இதே தவறைத்தான் செய்கிறார்கள்.

இரண்டு போட்டி அணிகள் மோதும்போது தப்பான ஆளுக்குக் கைதட்டுவது

நமக்கு எட்டாத உயரத்தில் இருக்கும் அணி ஜெயிக்கட்டும். நம் பக்கத்தில் நிற்பவன்தான் தோற்க வேண்டும்.

எக்ஸ்ட்ரா இன்னிங்ஸ்

ஒன்பது இன்னிங்ஸில் சமம் என்றால், ஆட்டம் சீக்கிரம் முடிவதற்காக இரண்டாவது பேஸில் ஓசியில் ஒருவரை நிறுத்துவார்கள். அந்த விதி பிளேஆஃபில் கிடையாது. அக்டோபரில் ஆட்டம் சீக்கிரம் முடியும் என்று நம்பி பஸ்ஸைத் தவறவிடாதீர்கள்.

உள்ளூரில் ஆட்டம் நடக்கும் என்று நினைத்து லீவு போடுவது

வைல்டு கார்டு சுற்று மூன்று ஆட்டம், மூன்றும் மேல் வரிசையில் இருக்கும் அணியின் மைதானத்திலேயே. ஐந்தாவது, ஆறாவது இடத்தில் நுழையும் அணிக்கு அந்தச் சுற்றில் வீட்டு ஆட்டமே கிடையாது. 2024இல் என் நண்பர் ஒருவர் மெட்ஸ் தகுதி பெற்ற அன்றிரவே அந்த வாரம் முழுக்க லீவு எழுதிக் கொடுத்தார். ஆறாவது இடத்தில் நுழைந்த மெட்ஸ் மில்வாக்கிக்குப் போனது, அங்கிருந்து ஃபிலடெல்பியாவுக்குப் போனது. சிட்டி ஃபீல்டில் முதல் ஆட்டம் அக்டோபர் 8ஆம் தேதிதான் நடந்தது. அதற்குள் அவர் லீவு தீர்ந்து மீட்டிங்கில் உட்கார்ந்திருந்தார். லீவு போடுவதற்கு முன் அணி எந்த இடத்தில் நுழைகிறது என்று பாருங்கள்.

ராசியான சட்டை

துவைக்கலாம்.

இந்தியாவிலிருந்து பார்ப்பவர்கள் நேரத்தைக் கோட்டைவிடுவது

நியூயார்க்கில் இரவு 7.10க்குத் தொடங்கும் ஆட்டம் நம்மூரில் மறுநாள் அதிகாலை 4.40. அதுகூடப் பரவாயில்லை, சீக்கிரம் எழுந்தால் முடிந்தது. கடைசி ஞாயிறுதான் சிக்கல். யாரும் அடுத்தவர் முடிவைத் தெரிந்துகொண்டு ஆடக்கூடாது என்பதற்காக அன்று எல்லா ஆட்டங்களையும் ஏறக்குறைய ஒரே நேரத்தில், கிழக்குக் கரை நேரப்படி பிற்பகல் 3 மணி சுமாருக்குத் தொடங்குகிறார்கள். நமக்கு அது ஞாயிறு நள்ளிரவு தாண்டி 12.30. முடிய மூன்றேகால் மணி, மூன்றரை ஆகிவிடும். ஒரே நேரத்தில் இரண்டு மூன்று ஆட்டம் ஓடும் என்பதால் சொந்த அணியை டிவியிலும் போட்டி அணியின் ஸ்கோரைப் போனிலும் வைத்துக்கொள்ளுங்கள். திங்கள் காலை ஒன்பது மணிக்கு மட்டும் எதையும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.