முதன்முறை அபயாரிஷ்டம்: எவ்வளவு, எப்போது, எத்தனை நாள்

நாட்டு மருந்துக் கடையில் "மலச்சிக்கலுக்கு டானிக் ஏதாவது கொடுங்க" என்று கேட்டால், பெரும்பாலும் கைக்கு வருவது அபயாரிஷ்டம் என்ற ஆயுர்வேத மருந்து. லேபிளில் "உணவுக்குப் பின் 15 முதல் 30 மி.லி." என்ற மாதிரி ஒரு வரி இருக்கும். கடைக்காரர் அதற்கு மேல் எதுவும் சொல்லமாட்டார். முதல் தடவை வாங்குகிறவருக்கு அந்த ஒரு வரி போதாது.

முதலில் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்போம். பழைய செய்முறைப்படி கடுக்காய் 100 பலம் (பலம் என்பது பழைய எடை அளவு), திராட்சை 50 பலம், வாய்விளங்கமும் இலுப்பைப்பூவும் பத்துப் பத்துப் பலம். இவற்றைத் தண்ணீரில் போட்டு நாலில் ஒரு பங்காகும்வரை காய்ச்சி வடித்து, 100 பலம் வெல்லம் கரைக்கிறார்கள். சுக்கு, கொத்தமல்லி, நெருஞ்சில், சிவதை வேர், தந்தி வேர், தாதகிப்பூ எல்லாம் சேர்த்து மூடி, சுமார் ஒரு மாதம் புளிக்க விடுகிறார்கள். இதிலிருந்து இரண்டு விஷயங்களை மனதில் வையுங்கள். சிவதையும் தந்தியும் வலுவான பேதி மருந்துகள். வெல்லம் புளிப்பதால் ஆல்கஹால் தானாகவே உருவாகிறது, வழக்கமாக 5 முதல் 10 சதவீதம் வரை. ஆக, மூலிகைதானே என்று மனம்போல ஊற்றிக் குடிக்கிற சங்கதி இல்லை இது.

படி 1: உங்களுக்கு ஒத்துவருமா?

இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், கல்லீரல் நோய் உள்ளவர்கள், குடிப்பழக்கத்தை விட்டு மீண்டவர்கள் இதைத் தொடவே வேண்டாம். குழந்தைகளுக்கு நீங்களாகக் கொடுக்காதீர்கள். சர்க்கரை நோய் இருந்தால், வெல்லம் முழுவதும் புளித்துத் தீர்ந்துவிடாது என்பதால், மருத்துவரைக் கேட்டுவிட்டுத்தான் தொடங்க வேண்டும். மெட்ரோனிடசோல் என்ற கிருமிக்கொல்லி மாத்திரை ஓடிக்கொண்டிருந்தால் இப்போது வேண்டாம். அதோடு ஆல்கஹால் சேரக் கூடாது என்பது மருத்துவர்கள் வழக்கமாகச் சொல்லும் எச்சரிக்கை. நெஞ்செரிச்சல், புண் உள்ள வயிற்றுக்கும் இந்தப் புளிப்பு சரிப்படாது.

மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, ஐம்பது வயதுக்கு மேல் புதிதாக வந்த மலச்சிக்கல், இவற்றில் ஒன்று இருந்தாலும் முதலில் மருத்துவரிடம் போங்கள். வயிறு உப்பி, காற்றுகூடப் பிரியாமல் வாந்தியும் வந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அந்த நிலையில் பேதி மருந்து ஆபத்து.

இன்னொன்று: இரும்புச்சத்து மாத்திரை, கால்சியம் மாத்திரை, சில வலி மாத்திரைகள், சில ரத்த அழுத்த மாத்திரைகள், இவையே மலச்சிக்கலைக் கொண்டுவரும். தைராய்டு குறைவாகச் சுரந்தாலும் வரும். காரணம் அங்கே இருக்கும்போது அரிஷ்டத்தைக் குடித்து என்ன பயன்?

படி 2: வாங்கும்போது

பெயரை முழுசாகச் சொல்லிக் கேளுங்கள். ஜீரகாரிஷ்டம், திராட்சாரிஷ்டம், தசமூலாரிஷ்டம் எல்லாம் ஒரே மாதிரி பாட்டிலில் வரிசையாக நிற்கும். வாயு, மந்தம்தான் தொல்லை, மலம் ஒழுங்காகப் போகிறது என்றால் உங்களுக்கு அபயாரிஷ்டம் தேவையே இல்லை. ஜீரகாரிஷ்டம் பொருந்துமா என்று வைத்தியரைக் கேட்டுப் பாருங்கள்.

1902-இல் தொடங்கிய கோட்டக்கல் ஆரிய வைத்திய சாலை மாதிரி பழைய நிறுவனங்கள் முதல் புதியவை வரை பலரும் இதைத் தயாரிக்கிறார்கள். யாருடையதாக இருந்தாலும் உரிம எண், தொகுதி எண், தயாரித்த தேதி, காலாவதித் தேதி நான்கும் லேபிளில் இருக்க வேண்டும். லேபிள் ஒட்டாத பாட்டிலில் "நாங்களே காய்ச்சினது" என்று யாராவது கொடுத்தால் வாங்காதீர்கள். வீட்டில் செய்து பார்க்கும் யோசனையும் வேண்டாம். கடுக்காய்க்கு அகநஞ்சு என்று சொல்லிக் கொட்டையை நீக்குவார்களே, அது நம்மாலும் முடியும். ஆனால் ஒரு மாதப் புளிப்பைக் கெடாமல் காப்பதும், பேதி வேர்களின் அளவைச் சரியாகப் பிடிப்பதும் சமையலறை வேலை இல்லை.

படி 3: அளந்து ஊற்றுங்கள்

பாட்டிலோடு வரும் அளவு மூடியையோ, இருமல் மருந்தோடு வரும் குட்டிக் கோப்பையையோ எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டுக் கரண்டி வேண்டாம், ஒவ்வொன்றும் ஒரு அளவு. லேபிளில் 30 மி.லி. வரை போட்டிருந்தாலும் தொடக்கத்தில் 15 மி.லி. போதும். அதே அளவு வெதுவெதுப்பான தண்ணீர் கலந்து, இரவுச் சாப்பாடு முடிந்ததும் குடியுங்கள். வெறும் வயிற்றில் குடித்தால் எரியும். துவர்ப்பும் புளிப்பும் லேசான கசப்புமாக, ஒயின் வாடையோடு இருக்கும், பயப்பட வேண்டாம். மற்ற மாத்திரைகளுக்கும் இதற்கும் ஒன்றிரண்டு மணி நேரம் இடைவெளி விடுங்கள்.

இரவு வேளையை நான் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. குடித்த கையோடு வண்டி ஓட்டிப் போய், போலீஸ் ஊதச் சொன்னால், வாயில் மிச்சமிருக்கும் ஆல்கஹாலை அந்தக் கருவி காட்டிக்கொடுத்துவிடும்.

படி 4: முதல் வாரம்

சிலருக்கு மறுநாள் காலையே போகும், சிலருக்கு இரண்டு மூன்று நாள் ஆகும். முதல் நாள் ஒன்றும் நடக்கவில்லை என்று இரண்டாம் நாள் அளவை இரட்டிப்பாக்காதீர்கள். மூன்று நாளும் அசையவில்லை என்றால், காலை உணவுக்குப் பிறகும் ஒரு 15 மி.லி. சேர்க்கலாம். வண்டி எடுக்கிறவர்கள் காலை வேளையைத் தவிருங்கள். வயிற்றைப் பிடித்து இழுத்தால் அளவைப் பாதியாக்குங்கள். தண்ணியாகப் போனால் அன்றே நிறுத்திவிட்டு உப்பு-சர்க்கரைக் கரைசல் (ஓ.ஆர்.எஸ்.) குடியுங்கள்.

மருந்து மட்டும் தனியாக வேலை செய்துவிடாது. தண்ணீர் குறைந்தால் மலம் இறுகத்தான் செய்யும். கீரை, வாழைத்தண்டு, கொய்யா, முழுப்பயறு இவற்றில் ஏதாவது ஒன்று தினமும் தட்டில் இருக்கட்டும். இதைவிட நான் பெரிதாக நினைப்பது நேரத்தைத்தான். சாப்பிட்டதும் பெருங்குடல் தானாகவே அசையத் தொடங்கும். அந்த அசைவு காலையில் நன்றாக இருக்கும். டிபன் முடிந்ததும் செல்போன் இல்லாமல் பத்து நிமிடம் கழிப்பறையில் உட்காருங்கள். மேற்கத்தியக் கழிப்பறை என்றால் காலுக்கடியில் சின்ன முக்காலி போட்டு முழங்காலை உயர்த்திக்கொள்ளுங்கள். முக்க வேண்டாம். பாதிப் பேருக்கு இந்தப் பழக்கம் ஒன்றே போதும் என்பது என் எண்ணம்.

படி 5: நிறுத்துவது

தினமும் சிரமமில்லாமல் போக ஆரம்பித்ததும் அளவைக் குறைத்து, அப்புறம் ஒருநாள் விட்டு ஒருநாள், அதன் பிறகு நிறுத்திவிடலாம். எப்படியானாலும் இரண்டு வாரத்துக்கு மேல் சொந்தமாக நீட்டாதீர்கள். அதற்குள் குணம் தெரியவில்லை என்றாலும், நிறுத்தியதும் திரும்ப வந்தாலும், அரசு மருத்துவமனையின் ஆயுர்வேத அல்லது சித்தப் பிரிவில் காட்டுங்கள். சாப்பிடும் எல்லா மருந்துகளின் சீட்டையும் கையோடு கொண்டுபோங்கள்.

மிச்சம் இருக்கும் பாட்டிலை வெயில் படாத இடத்தில், குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில் இறுக மூடி வையுங்கள். ஃபிரிட்ஜ் தேவையில்லை. அடியில் கொஞ்சம் வண்டல் தங்குவது சகஜம். காடி மாதிரி நெடி அடித்தாலோ மேலே பூசணம் படிந்தாலோ கொட்டிவிடுங்கள்.